ஊர் இரண்டுபட்டபோது: பெர்லினின் அருங்காட்சியகங்களும் கலை விழாக்களும்

பெர்லினில் மூன்று ஓபரா அரங்குகள் இருக்கின்றன. மூன்றும் அரசுப் பணத்தில் நடப்பவை. மூன்றுக்கும் தனித்தனி இசைக்குழு, தனித்தனி பாடகர் அணி. விலங்குக் காட்சிசாலை இரண்டு. பெரிய பல்கலைக்கழகங்களுள் ஒன்று கிழக்கில் பழையது. இன்னொன்று அதிலிருந்து பிரிந்து மேற்கில் 1948இல் தோன்றியது. அரசு நூலகம் ஒன்றுதான், ஆனால் அதற்கு இரண்டு மாபெரும் கட்டடங்கள். சின்னதும் பெரியதுமாக அருங்காட்சியகங்கள் மட்டும் ஏறத்தாழ 170. ரோமின் பழமை இந்த நகருக்குக் கிடையாது. லண்டன், பாரிஸ் அளவுக்குச் செல்வமும் இருந்ததில்லை. பிறகு எப்படி இவ்வளவு?

பதில் இருபதாம் நூற்றாண்டு அரசியலில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நகரம் இரண்டாகப் பிரிந்தது. 1961 ஆகஸ்ட் 13இல் எழத் தொடங்கிய சுவர் 1989 நவம்பர் 9இல்தான் திறந்தது. அந்தக் காலம் முழுவதும் ஒவ்வொரு பாதியும் தானே உண்மையான பெர்லின் என்று உலகுக்குக் காட்ட முயன்றது. ஒரு பக்கத்தில் இருந்ததை மறுபக்கமும் கட்டிக்கொண்டது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று நாம் ஏளனமாகச் சொல்வோம். பெர்லினில் அது எழுத்துக்கு எழுத்து நடந்தது. நடிகருக்கும் பாடகருக்கும் ஓவியருக்கும் இரண்டு அரசுகள் போட்டிபோட்டுக்கொண்டு மேடை அமைத்தன.

இன்று அந்நகருக்குச் செல்பவர் காணும் கலைச் செழிப்பில் பெரும்பங்கு இப்படிப் பிளவிலிருந்து வந்தது. அந்தப் பிளவும் அதற்கு முந்தைய போரும் விட்டுச் சென்ற இடைவெளிகளும் அதே கூடங்களில்தான் இருக்கின்றன. பெர்லினின் சிறந்த கண்காட்சிகள் இருப்பதைக் காட்டுவதோடு, இல்லாமற் போனதையும் காட்டுகின்றன. அந்த நகரை ரசிப்பதற்கு இதுவே நல்ல வழி என்பது இக்கட்டுரையின் வாதம்.

அரசனுக்கு எதிரே ஒரு தீவு

ஸ்ப்ரே ஆற்றின் நடுவே உள்ள தீவின் வடமுனையில் ஐந்து அருங்காட்சியகங்கள் நெருங்கி நிற்கின்றன. முதலாவது 1830இல் திறந்த ஆல்டெஸ் மியூசியம். கார்ல் ஃப்ரீட்ரிஷ் ஷிங்கெல் அதைப் பிரஷ்ய மன்னரின் அரண்மனைக்கு நேரெதிரே நிறுத்தினார். முகப்பில் பதினெட்டு அயோனியத் தூண்கள். சதுக்கத்தின் ஒருபுறம் அரண்மனை, ஒருபுறம் தேவாலயம், அருகே படைக்கலச் சாலை. இவற்றுக்குச் சமமான இடத்தில் பொதுமக்கள் நுழையக்கூடிய கலைக்கூடம். அரசன் தன் சேகரிப்பைக் குடிமக்கள் பார்க்க விட்டான் என்பதைவிட, கலைக்கு அரசனின் கண்ணெதிரே ஓர் இருக்கை கிடைத்தது என்பது பெரிய செய்தி.

அடுத்து ஸ்டூலர் வடிவமைத்த நோயெஸ் மியூசியம் 1843 முதல் 1855 வரை எழுந்தது. 1876இல் தேசிய ஓவியக்கூடம். இன்றைய பெயர் ஆல்டெ நாட்சியோனால்கேலரி. 1904இல் இன்றைய போடெ மியூசியம். 1930இல் பெர்காமோன் மியூசியம். முதலாவதுக்கும் கடைசிக்கும் இடையே சரியாக நூறாண்டு. 1999இல் யுனெஸ்கோ தீவு முழுவதையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

கட்டடம் எழுப்பியது அரசு என்றாலும், உள்ளே நிரப்பியதில் தனிமனிதர் பங்கு பெரிது. அவர்களில் முதன்மையானவர் யூதப் பருத்தித்துணி வணிகர் ஜேம்ஸ் சிமோன். தம் மறுமலர்ச்சிக் காலச் சேகரிப்பை 1904இல் கொடுத்தார். எகிப்தின் அமர்னாவில் லூட்விக் போர்ஹார்ட் நடத்திய அகழாய்வுக்குப் பணம் தந்தவரும் அவரே. 1912 டிசம்பரில் அங்கே கிடைத்த எகிப்திய அரசி நெஃபர்டிடியின் சிலையை 1920இல் பிரஷ்ய அரசுக்கு நன்கொடையாக எழுதிக் கொடுத்தார். 1932இல் இறந்தார். மறு ஆண்டு ஆட்சிக்கு வந்த நாஜிகள் அவர் பெயரைக் கூடங்களிலிருந்து அகற்றினார்கள். 2019இல் தீவுக்குப் புதிதாகக் கட்டிய நுழைவாயில் கட்டடத்துக்கு ஜேம்ஸ் சிமோன் காலரி என்று பெயர் வைத்தபோதுதான் நகரம் அந்தக் கடனில் ஒரு பகுதியைத் தீர்த்தது.

இன்னொருவர் ஹூகோ ஃபொன் சூடி. 1896இல் தேசிய ஓவியக்கூடத்தின் இயக்குநரானதும் பாரிஸ் சென்று மானே ஓவியம் வாங்கி வந்தார். மறு ஆண்டு செசான் ஒன்று. செசானை வாங்கிய முதல் அருங்காட்சியகம் உலகிலேயே இதுதான். பிரான்சு அரசே அவரைப் பொருட்படுத்தாத காலம் அது. பேரரசர் இரண்டாம் வில்ஹெல்முக்கு இந்தப் பிரெஞ்சுப் பித்து பிடிக்கவில்லை. மோதல் முற்றி, 1909இல் சூடி பதவியை விட்டு மியூனிக் போனார்.

போவதற்கு முன் அவர் செய்த ஒரு காரியம், ஒரு கண்காட்சி எதைச் சாதிக்க முடியும் என்பதற்குச் சான்று. 1906இல் ஜெர்மானிய ஓவியத்தின் முந்தைய நூற்றாண்டைத் திரும்பிப் பார்க்கும் பெருங்கண்காட்சி ஒன்றைத் தோழர்களுடன் சேர்ந்து அமைத்தார். 1840இல் இறந்து ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்ட காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஷ், அந்தக் கூடங்களில் வரிசையாக மாட்டப்பட்டபோது பெரிய ஓவியராக மீண்டும் கண்டெடுக்கப்பட்டார். அவரது 250ஆவது பிறந்த ஆண்டான 2024இல் அதே கட்டடத்தில் அவருக்கென்றே நடந்த கண்காட்சிக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் வந்தார்கள். கடற்கரையில் தனியே நிற்கும் துறவி ஒருவர், மேலே அளவில்லாத வானம்: அந்த ஓவியத்தை இன்று உலகம் அறியும். 1906இல் யாரோ அதைச் சுவரில் சரியான இடத்தில் மாட்டியிருக்காவிட்டால் அந்தப் புகழ் எப்போது வந்திருக்குமோ.

தீயும் உப்புச் சுரங்கமும்

1939இல் போர் தொடங்கியதும் தீவு மூடப்பட்டது. நோயெஸ் மியூசியம் 1943 நவம்பரிலும் 1945 பிப்ரவரியிலும் குண்டு வாங்கியது. படிக்கூடம் எரிந்தது, வடமேற்குச் சிறகு இல்லாமலே போனது. பொருள்களைக் காப்பாற்றுவதற்காகப் பதுங்குகுழிகளுக்கும் தொலைவிலுள்ள சுரங்கங்களுக்கும் கொண்டுபோனார்கள். யார் எங்கே கொண்டுபோய் வைத்தார்களோ அதைப் பொறுத்தே ஒவ்வொரு பொருளின் தலையெழுத்தும் அமைந்தது.

நெஃபர்டிடி தூரிங்கியாவின் மெர்கெர்ஸ் உப்புச் சுரங்கத்துக்குப் போனாள். 1945இல் அமெரிக்கப் படை அதைக் கைப்பற்றியது. அதனால் அவள் மேற்கு ஜெர்மனிக்கும், 1956இல் மேற்கு பெர்லினுக்கும் வந்தாள். பெரிய அளவிலான ஓவியங்களை நகருக்குள்ளேயே ஃப்ரீட்ரிஷ்ஹைன் விமான எதிர்ப்புக் கோபுரத்தில் அடைத்திருந்தார்கள். 1945 மே மாதம், சண்டை ஓய்ந்த நாள்களில் அங்கே மூண்ட தீயில் நானூறுக்கு மேற்பட்ட ஓவியங்கள் அழிந்தன. காரவாஜியோவின் மூன்று படங்களும் அவற்றுள் அடக்கம். அவை இன்று பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களாக மட்டுமே மிஞ்சியுள்ளன. அதே காரவாஜியோ தீட்டிய வெற்றிச் சிரிப்புச் சிரிக்கும் மன்மதன் தப்பித்தான். இன்று நகரின் ஓவியக்கூடத்தில் அந்தச் சிரிப்பைப் பார்ப்பவர், அதன் துணைப் படங்கள் என்ன ஆயின என்று தெரிந்துகொண்டு பார்த்தால் வேறு உணர்வு வரும்.

சோவியத் படை பெர்காமோன் பலிபீடத்தின் சிற்பப் பலகைகளை லெனின்கிராடுக்கு எடுத்துச் சென்றது. 1958 வாக்கில் அவை கிழக்கு பெர்லினுக்குத் திரும்பின. ஆனால் ஹைன்ரிஷ் ஷ்லீமன் ட்ராயில் தோண்டி எடுத்து ஜெர்மானிய மக்களுக்குக் கொடுத்த தங்கப் புதையல் திரும்பவில்லை. அது தங்களிடம் இருப்பதையே மாஸ்கோ 1990களின் தொடக்கம் வரை ஒப்புக்கொள்ளவில்லை. 1996இல் புஷ்கின் அருங்காட்சியகத்தில் அதைக் காட்சிக்கு வைத்தார்கள். பெர்லினின் நோயெஸ் மியூசியத்தில் இருப்பவை நகல்கள். நகல் என்றே எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

பாகப்பிரிவினையில் வீடு அண்ணனுக்கும் நகை தம்பிக்கும் போவதுபோல, அருங்காட்சியகத் தீவின் கட்டடங்கள் கிழக்குக்கும், மேற்கு மண்டலங்களில் பதுக்கப்பட்ட சேகரிப்புகள் மேற்குக்கும் போயின. தன் எகிப்திய அரசியைத் திருப்பித் தருமாறு கிழக்கு ஜெர்மனி கேட்டது. மேற்கு ஜெர்மனி 1957இல் பிரஷ்யப் பண்பாட்டு உடைமை அறக்கட்டளை என்ற அமைப்பை உருவாக்கி, தன் பங்கைச் சட்டப்படி பூட்டி வைத்தது. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் பெர்லினில் எகிப்திய அருங்காட்சியகம் இரண்டு, ஓவியக்கூடம் இரண்டு, சிற்பச் சேகரிப்பு இரண்டு. ஒரே கல்லறையில் கிடைத்த பொருள்கள் சுவரின் இருபுறமும் பிரிந்து கிடந்தன.

இரு கரையிலும் மேடை

பங்கு பிரித்தாயிற்று, அடுத்து போட்டி. கிழக்கில் வால்டர் ஃபெல்ஸென்ஷ்டைன் 1947இல் கோமிஷெ ஓபராவைத் தொடங்கினார். நாடு கடந்து வாழ்ந்துவிட்டுத் திரும்பிய பெர்டோல்ட் பிரெஹ்ட்டும் ஹெலென வைகலும் 1949இல் பெர்லினர் ஆன்சாம்பிள் நாடகக்குழுவை நிறுவினார்கள். பழைய படைக்கலச் சாலையில் 1952இல் மார்க்சியப் பார்வையில் ஜெர்மன் வரலாற்று அருங்காட்சியகம் வந்தது. போரில் சிதைந்த பழைய அரசு ஓபரா 1955இல் மீண்டும் திறந்தது. பழைய விலங்குக் காட்சிசாலை மேற்கில் மாட்டிக்கொண்டதால், அதே ஆண்டு கிழக்கு தனக்கென ஒன்றை அமைத்துக்கொண்டது.

மேற்கின் பதில் 1951இல் தொடங்கிய பெர்லினாலே திரைப்பட விழா. அதற்கு விதையிட்டவர் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் திரைப்பட அதிகாரி ஆஸ்கர் மார்டே. சுதந்திர உலகின் காட்சி ஜன்னலாக விழா விளங்க வேண்டும் என்பதே நோக்கம். இன்று தங்கக் கரடி விருதுக்காக உலகமே காத்திருக்கும் விழாவின் பிறப்பு பனிப்போரின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. சுவர் எழுந்து ஆறு வாரத்தில், 1961 செப்டம்பர் 24 அன்று, மேற்கின் டாய்ச்ச ஓபர் புதுக்கட்டடத்தில் திறந்தது. 1963இல் ஹான்ஸ் ஷாருன் கட்டிய பில்ஹார்மனி அரங்கு. மேடையை நடுவில் வைத்து, ரசிகர்களைத் திராட்சைத் தோட்டப் படிகள்போல் சுற்றிலும் அடுக்கிய அந்த அமைப்பைப் பிறகு உலகின் பல இசையரங்குகள் பின்பற்றின. 1964இல், ஜெர்மன் பேசும் நாடுகளின் சிறந்த நாடகங்களை ஒன்றுதிரட்டும் தெயாட்டர்ட்ரெஃபன். 1968இல் மீஸ் வான் டெர் ரோவின் எஃகும் கண்ணாடியுமான நோயெ நாட்சியோனால்கேலரி.

பில்ஹார்மனியும் புதிய கலைக்கூடமும் நிற்கும் இடத்தைக் கவனிக்க வேண்டும். அப்போது அது சுவரை ஒட்டிய வெறுங்காடு. ஊர்க்கோடியில் ஏன் கட்டினார்கள்? நகரம் மறுபடி ஒன்றானால் அந்த இடமே நடுவாகும் என்ற கணக்கில்தான் திட்டமிட்டார்கள். எண்பதுகளில் அந்தக் கணக்கை யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். கணக்கு பலித்தது.

போட்டியின் உச்சம் 1987. நகருக்கு 750 வயது. ஒரே பிறந்தநாளை இரண்டு அரசுகள் தனித்தனியே கொண்டாடின. கிழக்கு, நிக்கோலாய் தேவாலயத்தைச் சுற்றிய இடைக்காலப் பகுதியைத் திரும்பக் கட்டியது. மேற்கு, ஜெர்மன் வரலாற்றுக்குத் தன் பங்குக்கு ஓர் அருங்காட்சியகத்தை நிறுவியது. மூன்றாண்டில் நாடு ஒன்றானதும் அது கிழக்கின் படைக்கலச் சாலைக்கே குடிபோனது. ஆனால் அந்த ஆண்டின் மிக முக்கியமான கண்காட்சிக்கு மாளிகை கிடையாது. சுவரை ஒட்டி, நாஜி ரகசியக் காவல்துறையான கெஸ்டாபோவும் எஸ்.எஸ். படையும் தலைமையகம் வைத்திருந்த இடிபாட்டு மனையில் தோண்டியபோது தெரியவந்த நிலவறைகளின் மேல் தற்காலிகமாகப் பலகைகள் வைத்து, அங்கே நடந்ததைப் புகைப்படங்களாலும் ஆவணங்களாலும் சொன்னார்கள். விழா முடிந்ததும் அகற்றுவதாக ஏற்பாடு. மக்கள் விடவில்லை. 2010இல் அங்கே ‘டோபோகிராஃபி டெஸ் டெரர்ஸ்’ ஆவண மையம் நிரந்தரக் கட்டடத்தில் திறந்தது. நுழைவு இலவசம். பிறந்தநாள் கொண்டாட்டத்தில் தன் குற்றத்தை முன்வைத்த நகரம் வரலாற்றில் அரிது.

இடைவெளியைக் காட்டும் கலை

1990க்குப் பின் பெர்லினுக்கு வந்த சிக்கல், இரட்டையாக இருந்ததை ஒன்றாக்குவது. ஓவியங்கள் 1998இல் ஒரே கூரையின்கீழ், மேற்கில் கட்டிய கெமெல்டகேலரியில் சேர்ந்தன. நூற்றுக்கு மேற்பட்ட பழமொழிகளை ஒரே கிராமத்துக்குள் நடித்துக்காட்டும் பிரூகெலின் ஓவியம், இரண்டு வெர்மீர்கள், ரெம்பிராண்டின் பெரிய தொகுதி ஆகியவை அங்கே. ரெம்பிராண்டின் தலைசிறந்த படைப்பு என்று தலைமுறைகளாகப் போற்றப்பட்ட தங்கத் தலைக்கவச மனிதன் அவர் கைவேலை அல்ல என்று 1980களின் ஆய்வு சொன்னது. அதற்குப் பிறகும் படத்தை மறைக்கவில்லை. பெயர்ப்பலகையை மாற்றிவிட்டு அங்கேயே வைத்திருக்கிறார்கள்.

1995 கோடையில் நகரம் தன்னை வேறு விதமாகப் பார்த்துக்கொண்டது. கிறிஸ்டோவும் ஜான் க்ளோடும் 1971 முதல் கேட்டுவந்த அனுமதி கடைசியில் கிடைத்து, பழைய நாடாளுமன்றக் கட்டடமான ரைஷ்டாக்கை வெள்ளித் துணியால் முழுக்கப் போர்த்தினார்கள். அனுமதிக்காக ஜெர்மன் நாடாளுமன்றமே வாக்கெடுத்தது: ஆதரவு 292, எதிர்ப்பு 223. செலவு முழுவதும் கலைஞர்கள் தம் வரைபடங்களை விற்று ஈட்டியது. ஜூன் 24 முதல் ஜூலை 7 வரை, இரண்டே வாரத்தில், ஐம்பது லட்சம் பேர் பார்த்தார்கள். எரிந்து, சுடப்பட்டு, சுவரோரம் அநாதையாகக் கிடந்த கட்டடம் மூடப்பட்டபோதுதான் கண்ணில் பட்டது.

மூடிக் காட்டுவதும் வெறுமையால் பேசுவதும் அந்தப் பத்தாண்டில் பெர்லினின் கலைமொழியாகவே ஆயின. 1933 மே 10 அன்று மாணவர்கள் நூல்களை எரித்த பேபெல் சதுக்கத்தில், மிஷா உல்மன் தரைக்கடியில் வெள்ளை அலமாரிகள் கொண்ட ஓர் அறையை 1995இல் அமைத்தார். மேலிருந்து கண்ணாடி வழியே பார்க்கலாம். அலமாரிகளில் ஒரு புத்தகமும் இல்லை. எரிந்த சுமார் 20,000 நூல்களுக்கு இடம் மட்டும் உண்டு. டேனியல் லீபெஸ்கிண்ட் கட்டி 2001இல் திறந்த யூத அருங்காட்சியகத்தில், கட்டடத்தின் குறுக்கே வெறும் கான்கிரீட் வெற்றிடங்கள் மேலிருந்து கீழே வெட்டிச் செல்கின்றன. கண்காட்சியைப் பார்த்துக்கொண்டே நடப்பவர் அவற்றைச் சுற்றிப் போகவேண்டியிருக்கிறது. இல்லாத மக்களின் இடம் அது.

இந்தப் போக்கின் முதிர்ந்த வடிவம் நோயெஸ் மியூசியம். எழுபது ஆண்டு மூடிக்கிடந்த கட்டடத்தைப் பழையபடியே புதுப்பிக்க வேண்டும் என்று நகரில் பலர் கையெழுத்து வேட்டை நடத்தினார்கள். பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் டேவிட் சிப்பர்ஃபீல்ட் அதை ஏற்கவில்லை. தப்பிய சுவரோவியம் எவ்வளவோ அவ்வளவை மட்டும் காத்தார். கருகிய தூண்களையும் குண்டுத் தழும்புகளையும் விட்டுவைத்தார். அழிந்த படிக்கூடத்தை அதே அளவில், அலங்காரமே இல்லாமல், வெண்மையான கான்கிரீட்டில் எழுப்பினார். 2009 அக்டோபரில் திறந்தபோது எதிர்த்தவர்களில் பலர் வாயடைத்தார்கள். நெஃபர்டிடி மறுபடி தன் பழைய முகவரிக்கு வந்தாள். அவளை மட்டும் பார்த்துவிட்டு வெளியேறுபவர், அவளைச் சுற்றியுள்ள சுவர் சொல்லும் கதையைத் தவறவிடுகிறார்.

2015இல் போடெ மியூசியம் இதை ஒரு படி மேலே கொண்டுசென்றது. போரில் இழந்த படைப்புகளுக்கென்றே ஒரு கண்காட்சி. தீயில் வெந்து சிதைந்த சிற்பங்கள், பழைய வார்ப்புகளிலிருந்து எடுத்த சுதைப் பிரதிகள், இல்லாத ஓவியங்களின் முழு அளவுக் கறுப்பு வெள்ளைப் படங்கள் ஆகியவற்றால் அரங்குகள் நிரம்பின. ‘காணாமற் போன அருங்காட்சியகம்’ என்று பெயர். சொந்த இழப்பைப் பட்டியலிடத் துணியும் நிறுவனத்துக்கு, பிறர் இழந்ததைத் தான் வைத்திருக்கும் கணக்கும் கேட்கப்படும் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கு அடுத்த சில ஆண்டுகளிலேயே, சில நூறு மீட்டர் தள்ளி, வந்து நின்றது.

திரும்பிவந்த அரண்மனை

ஷிங்கெலின் அருங்காட்சியகம் முகம் பார்த்து நின்ற அரண்மனையைக் கிழக்கு ஜெர்மனி 1950இல் வெடிவைத்துத் தகர்த்தது. அந்த மனையில் 1976இல் மக்கள் மாளிகை எழுந்தது. நாடாளுமன்றமும் உணவகங்களும் பௌலிங் தளமும் ஒரே கட்டடத்தில் இருந்தன. அஸ்பெஸ்டாஸ் காரணம் காட்டி அதை மூடி, 2006 முதல் 2008 வரை இடித்தார்கள். பிறகு அங்கே மூன்று பக்கம் பழைய அரண்மனையின் பரோக் முகப்பை நகலெடுத்து ஹூம்போல்ட் ஃபோரம் கட்டினார்கள். 2021 ஜூலையில் பார்வையாளருக்குத் திறந்தது. மேற்கின் டாலெம் புறநகரில் இருந்த இனவியல் அருங்காட்சியகமும் ஆசியக் கலை அருங்காட்சியகமும் இதற்குள் குடிவந்தன.

நோயெஸ் மியூசியத்திலிருந்து இது ஐந்து நிமிட நடை. காயத்தை மறைக்காதே என்று அங்கே முடிவெடுத்த நகரம், இங்கே காயமே இல்லாததுபோல் முகப்பை மீட்டது. கிழக்கில் வளர்ந்த பலருக்கு மக்கள் மாளிகையை இடித்தது இன்னும் ஆறாத வருத்தம். 2024இல் ஹூம்போல்ட் ஃபோரமே அந்த மாளிகையைப் பற்றி ஒரு பெருங்கண்காட்சி நடத்தியது. இடித்த இடத்தில் அமர்ந்துகொண்டு இடித்ததைப் பற்றிப் பேசவேண்டிய நிலை.

உள்ளே இருப்பவை எழுப்பிய கேள்வி இன்னும் கடுமையானது. 1897இல் பிரிட்டிஷ் படை பெனின் அரசைச் சூறையாடியபோது வெளிச்சந்தைக்கு வந்த வெண்கலங்களில் ஐந்நூறுக்கு மேல் பெர்லின் வாங்கியிருந்தது. கலை வரலாற்றாளர் பெனெடிக்ட் சவோய் 2017இல் ஃபோரத்தின் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகி, பொருள்கள் எப்படி வந்தன என்ற ஆய்வு எங்கே என்று வெளிப்படையாகக் கேட்டார். 2022 ஆகஸ்டில் 512 பொருள்களின் உரிமை நைஜீரியாவுக்கு மாற்றி எழுதப்பட்டது. மூன்றில் ஒரு பங்கு கடனாகப் பெர்லினில் தங்கும் என்பது உடன்பாடு. இன்று அங்கே வெண்கலங்களைப் பார்ப்பவர் நைஜீரியாவின் சொத்தைப் பார்க்கிறார்.

தீராத வழக்குகளும் உண்டு. இன்றைய பாப்புவா நியூகினியைச் சேர்ந்த லூஃப் தீவின் பெரும் பாய்மரப் படகு அங்கே நிற்கிறது. கட்டடம் கட்டும்போதே 2018இல் அதை உள்ளே நகர்த்தி, பின் சுவரை மூடிவிட்டார்கள். 1882இல் ஜெர்மன் படை அத்தீவில் நடத்திய அழிவை வரலாற்றாளர் கோட்ஸ் ஆலி 2021இல் நூலாக எழுதியதும், படகு எப்படிக் கைமாறியது என்ற கேள்வி பொதுவிவாதமானது. சுவரை உடைக்காமல் அதை இனி வெளியே எடுக்க முடியாது.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் அதே கட்டடத்தில் உள்ளது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் சேர்ந்து ஐரோப்பாவில் சிறைப்பட்ட வீரர்களை, பெர்லினுக்குத் தெற்கே வூன்ஸ்டோர்ஃபில் அடைத்திருந்தார்கள். மொழியியலாளர்கள் 1915 முதல் அங்கே போய், கைதிகளை ஒலிப்பதிவுக் குழாய்முன் நிறுத்திப் பேசவும் பாடவும் வைத்து, ஒலித்தட்டில் பதித்தார்கள். மல் சிங் என்ற பஞ்சாபி வீரர் 1916இல் தன் கதையை வேறு யாரோ ஒருவனுடைய கதைபோல் படர்க்கையில் சொன்னார்: ஊரில் வெண்ணெய் தின்று வளர்ந்தவன், இங்கே வந்து சிக்கிக்கொண்டான், வீடு திரும்ப நினைக்கிறான். ஆய்வாளர்களுக்கு அது ஒலியியல் மாதிரி. இந்தியர் கேட்டால், உறவினருக்குப் போய்ச் சேராத ஒரு கடிதம்.

ஆண்டு முழுவதும் திருவிழா

சுவர் விழுந்த பின்னும் பெர்லினர்கள் பழக்கத்தால் தம் பாதியிலேயே புழங்கினார்கள். இந்தப் பின்னணியில்தான் 1997இல் ‘அருங்காட்சியகங்களின் நீண்ட இரவு’ தொடங்கியது. இப்போது ஆண்டுக்கு ஒருமுறை, ஆகஸ்ட் இறுதியில், மாலை 6 மணி முதல் பின்னிரவு 2 மணி வரை எழுபது வாக்கில் அருங்காட்சியகங்கள் திறந்திருக்கும். ஒரே சீட்டு, அவற்றை இணைக்கத் தனிப் பேருந்துகள். ஓவியங்களுக்கு நடுவே இசை, கைவிளக்கோடு சுற்றுலா, சிறுவர்களுக்குப் பட்டறை. பகலில் எட்டிப்பார்க்காதவர்கள் இரவில் வரிசையில் நிற்கிறார்கள். எட்டு மணி நேரத்துக்குக் கிழக்கும் மேற்கும் ஒரே பேருந்துத் தடத்தில் கோக்கப்படுகின்றன. வியன்னா 2000இல் இந்த ஏற்பாட்டை எடுத்துக்கொண்டது. பிறகு ஐரோப்பா முழுவதும் பரவியது.

ஆண்டுக் கணக்கில் பார்த்தால் பிப்ரவரியில் பெர்லினாலே; பொதுமக்களும் சீட்டு வாங்கிப் பார்க்கும் திரைப்பட விழா என்பது அதன் தனிச்சிறப்பு. ஏப்ரல் இறுதியில் அல்லது மே தொடக்கத்தில் 2005 முதல் கேலரி வார இறுதி, மே மாதம் தெயாட்டர்ட்ரெஃபன். பெந்தெகொஸ்தே விடுமுறையில் கர்னவால் டெர் குல்டூரன். இனவெறி தலைதூக்கிய தொண்ணூறுகளில், புலம்பெயர்ந்தோரின் நகரம் இது என்று தெருவில் ஆடிக் காட்டுவதற்காக 1996இல் பிறந்தது. ஜூன் 21 அன்று தெருவெங்கும் கட்டணமில்லா இசை. செப்டம்பரில் கலை வாரம். இவற்றோடு, 1998இல் தொடங்கிய சமகாலக் கலையின் பெர்லின் பியனாலெ. சீட்டு விலைக்கு அஞ்சுபவர் வாரத்தில் ஒரு நண்பகல் பில்ஹார்மனியின் முன்கூடத்துக்குப் போகலாம். இசைப் பருவத்தில் அங்கே நடக்கும் மதியக் கச்சேரிக்குக் கட்டணம் இல்லை. மக்கள் படிக்கட்டிலும் தரையிலும் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

ஹம்பர்கர் பான்ஹோஃப் சமகாலக் கலைக்கூடமும் பிளவின் குழந்தைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரயில் நிலையம் அது. நிலம் மேற்கில், ஆனால் ரயில்வே உடைமை என்பதால் 1984 வரை நிர்வாகம் கிழக்கின் கையில். இருவருக்கும் உதவாமல் கிடந்த அந்தக் கட்டடம் 1996இல் கலைக்கூடமானது. விலைபோகாத இடங்களில்தான் பெர்லின் கலை குடியேறியது என்பதற்கு இதுவே அரசுமுறைச் சான்று.

பணமுடை

இரட்டைச் செல்வத்துக்கு இரட்டைச் செலவு. பனிப்போர் முடிந்ததும் போட்டிக்குப் பணம் தந்த இரண்டு அரசுகளுக்கும் அந்தத் தேவை போனது. 1993இல் நகர அரசு மேற்கின் பெருமைமிகு ஷில்லர் நாடக அரங்கை மூடியது. நடிகர்களும் ரசிகர்களும் போராடியும் பயனில்லை. மூன்று ஓபராக்களில் ஒன்றையாவது மூட வேண்டும் என்ற பேச்சு தொடர்ந்தது. 2004இல் மூன்றையும் ஓர் அறக்கட்டளையின்கீழ் கொண்டுவந்துதான் காப்பாற்றினார்கள். பின்னாளில் அரசு ஓபரா பழுதுபார்க்கப்பட்ட ஏழாண்டுகள் அது தங்கிப் பாடியது அதே ஷில்லர் அரங்கில். 2023 முதல் கோமிஷெ ஓபராவும் அங்கேதான். தேவையில்லை என்று மூடிய அரங்கு இரண்டு ஓபராக்களுக்குப் புகலிடமானது.

அந்தப் பாடம் நிலைத்ததாகத் தெரியவில்லை. 2021இல் தொடங்கிய, மாதத்தின் முதல் ஞாயிறு பல அருங்காட்சியகங்களில் இலவச நுழைவு என்ற திட்டம், நிதிக் குறைப்பால் 2024 முடிவோடு நின்றது. 2025ஆம் ஆண்டுக்கான பண்பாட்டு நிதியில் ஏறத்தாழ 13 கோடி யூரோ வெட்டப்பட்டது. பெர்காமோன் மியூசியம் 2023 அக்டோபரில் முழுதாக மூடப்பட்டது. பலிபீடம் இருக்கும் பகுதியை 2027இல் திறக்கத் திட்டம். பாபிலோனின் இஷ்தார் வாயில் இருக்கும் தெற்குச் சிறகுக்கு 2037 வரை காத்திருக்க வேண்டும்.

பார்ப்பவர் கையில்

இந்நகருக்குப் போகிறவர் பட்டியலோடு ஓடினால் களைப்புதான் மிஞ்சும். ஒரு நாளுக்கு ஓர் இணை போதும்: ஒரு கேள்விக்கு இரு பக்கமும் தந்த விடைகளைச் சேர்த்துப் பார்ப்பது. காலையில் நோயெஸ் மியூசியம், மதியம் ஹூம்போல்ட் ஃபோரம். இன்னொரு நாள் கிழக்கின் ஆல்டெ நாட்சியோனால்கேலரி, மேற்கின் நோயெ நாட்சியோனால்கேலரி. மாலையில் பிரெஹ்ட்டின் அரங்கும் ஷாருனின் அரங்கும். கட்டணமின்றிப் பார்க்க, நிலவறைமேல் எழுந்த ஆவண மையமும், பெர்னவர் தெருவின் சுவர் நினைவிடமும், மேற்கு செல்பவர்களை வழியனுப்பி மக்கள் அழுததால் கண்ணீர் மாளிகை என்று பெயர்பெற்ற ஃப்ரீட்ரிஷ் தெரு நிலையத்துப் பழைய புறப்பாட்டுக் கூடமும் உள்ளன. திங்களன்று பல கூடங்கள் மூடியிருக்கும். 18 வயதுக்கு உட்பட்டோருக்கு அரசு அருங்காட்சியகங்களில் கட்டணமில்லை.

ஒவ்வொரு கூடத்திலும் பொருளின் பெயர்ப்பலகையைக் கடைசி வரி வரை படிப்பது நல்லது. எங்கே கிடைத்தது, யார் கொடுத்தார், எந்த ஆண்டு வந்தது, போரில் எங்கே போனது, இப்போது யாருக்குச் சொந்தம் என்ற விவரங்கள் அங்கேதான் இருக்கும். நகல் என்றோ, கடனாகப் பெற்றது என்றோ, சேர்ந்த வழி ஆய்விலுள்ளது என்றோ சிறிய எழுத்தில் போட்டிருக்கலாம். முப்பது ஆண்டுகளுக்கு முன் அருங்காட்சியகங்கள் இவற்றைச் சொல்ல வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கேட்டவர்கள் இருந்ததால்தான் அந்த வரிகள் வந்தன: மனையை மூடவிடாத பெர்லினர்கள், குழுவிலிருந்து விலகிய வரலாற்றாளர், உரிமை கோரிய நைஜீரியர்கள். பிளவு தந்த கட்டடங்களை நகரம் தற்செயலாகப் பெற்றது. இந்தப் பேச்சை மட்டும் அது வாதாடிச் சம்பாதித்திருக்கிறது. நிதி குறையும் காலத்தில் எதைக் காப்பாற்றுவது என்று பெர்லின் முடிவெடுக்கும்போது, ஓபராக்களின் எண்ணிக்கையைவிட இந்த வாதாடும் வழக்கம் பிழைக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.